சாட்சி சொன்ன நிலவு

கீரிப்பாறையில் முழுநிலவு காலந்தாழ்த்தியே வரும். கன்னியாகுமரிக் கடற்கரையில் அது அலைமேல் செம்பழம்போல் எழுந்துவிட்ட பின்னரும், நாகர்கோவிலின் மொட்டைமாடிகளில் சிறுவர்கள் அதைக் கண்டு கைதட்டிய பின்னரும், கீரிப்பாறையின் கிழக்கே நிற்கும் மலை அதனை விடுவதில்லை. ரப்பர் மரங்களுக்கிடையே இருள் இறங்கி, காட்டாற்றின் ஓசை மட்டும் எஞ்சி, தொழிலாளர் குடியிருப்புகளில் விளக்குகள் ஏற்றப்பட்ட பிறகே மலைவிளிம்பில் வெள்ளைக் கீற்று தோன்றும்.

இதன் காரணம் எளியது. பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள நம் நாட்டில் நிலவு ஏறத்தாழச் செங்குத்தாக எழுகிறது. மலைவிளிம்பு தொடுவானத்திலிருந்து பத்துப் பாகை உயர்ந்திருக்குமானால், அதைக் கடக்க நிலவுக்கு நாற்பது நிமிடங்கள் வேண்டும். கதிரவன் மறைந்து நாற்பது நிமிடங்கள் சென்றால் நம் பகுதியில் எதிரே வருபவரின் முகம் தெரியாது. எனவே, முழுநிலவையும் மாலை வெயில் படிந்த ஊரையும் ஒரே படத்தில் பிடிக்க விரும்புகிறவர் கீரிப்பாறையில் ஏமாந்துபோவார். அவர் முழுநிலவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வரவேண்டும். நிலவு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடங்கள் பிந்தி எழுவதால், இரண்டு நாள் முன்னதாகப் பார்த்தால், கதிரவன் மறையுமுன்பே அது மலைக்கு மேல் வந்து நிற்கும்.

சித்திரா பௌர்ணமியன்று ஆயிரக்கணக்கானோர் கன்னியாகுமரிக்குச் செல்கிறார்கள். ஞாயிறு மறைவதையும் திங்கள் எழுவதையும் ஒரே நேரத்தில் காணலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. உண்மையில் ஒவ்வொரு முழுநிலவு நாளிலும், உலகின் பெரும்பாலான இடங்களில், இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே வேளையிலேயே நிகழ்கின்றன. முழுநிலவு என்றாலே கதிரவனுக்கு எதிரே நிற்கும் நிலவு என்பதுதானே பொருள்! குமரிமுனை நமக்குத் தரும் பேறு, மலையோ மரமோ குறுக்கிடாத கடல்வெளி. அவ்வளவே.

நிழற்படக் கலைஞர்கள் இந்த அந்திப்பொழுதை நாடுவதற்குக் காரணம் அழகு மட்டுமன்று, நிலவின் இயல்பும்தான். நிலவு தானாக ஒளிர்வதில்லை. அது வெயில் காயும் கரும்பாறை. தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவையே திருப்பித் தருகிறது. ஆயினும் அது நேர் வெயிலில் நிற்கும் பாறை. ஆகவே உச்சிக்கு ஏறிய முழுநிலவைப் படமெடுப்பதற்கு வேண்டிய ஒளியளவு, நம் ஊர்த் தெருவைப் பகலில் எடுப்பதற்கு வேண்டிய அளவிலிருந்து வெகுவாக வேறுபடுவதில்லை. நள்ளிரவில் இருண்ட ஊருக்கேற்பக் கருவியைத் திறந்துவைத்தால் நிலவு வெறும் வெள்ளைத் துளையாகிவிடும்; நிலவுக்கேற்ப மூடினால் ஊர் கரியாகிவிடும். கதிரவன் மறையும் அந்தச் சில நிமிடங்களில் மட்டுமே மண்ணின் ஒளியும் விண்ணின் ஒளியும் ஒன்றுக்கொன்று இணங்கி நிற்கின்றன. தனக்கென ஒளியில்லாத இந்த நிலவைத்தான் மிலான் ஆயர் புனித அம்புரோஸ் திருச்சபைக்கு ஒப்பிட்டார். குருமடத்தில் அதைப் படித்தபோது உவமையாக மட்டுமே தோன்றியது. நிழற்படக்காரர்களின் கணக்கைக் கற்ற பிறகுதான் அதன் கண்டிப்பு விளங்கிற்று.

நிழற்படக்கலை பிறந்த நாள்முதலே மனிதர் நிலவின் மேல் கண் வைத்தனர். 1839இல் அக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் என்னும் அறிஞர் வெள்ளித் தகட்டில் நிலவின் உருவைப் பதித்தார். 1851இல் ஹார்வர்டு வானாய்வு நிலையத்தின் பெரிய தொலைநோக்கியைக் கொண்டு விப்பிளும் பாண்டும் எடுத்த நிலவுப் படங்கள் இலண்டன் பொருட்காட்சியில் வைக்கப்பட்டன. அவை நிலவை மட்டும் காட்டின. நான் சொல்ல வந்தது ஊரோடு சேர்ந்த நிலவைப் பற்றி. அந்த வகையில் உலகிலேயே மிகவும் பெயர்பெற்ற படம் ஒரு கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் படம் என்பதை நம்மவருள் பலர் அறியார்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்பது ஒரு சிற்றூர். இசுபானிய மொழி பேசும் உழவர்கள் வாழ்ந்த இடம். களிமண்ணால் கட்டிய கோவில், அதனருகே வெண்சிலுவைகள் நட்ட கல்லறைகள். 1941ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்து மாலையொன்றில் ஆன்செல் ஆடம்ஸ் என்னும் நிழற்படக் கலைஞர் அவ்வழியே சாந்தா ஃபே நகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். கிழக்கே மேகத்திரளுக்கு மேல் நிலவு நிற்கிறது. மேற்கே மறையப்போகும் கதிரவனின் கடைசி ஒளி சிலுவைகளின்மேல் விழுகிறது. வண்டியை நிறுத்தி, பெரிய கருவியை அவசரமாக நிலைநாட்டினார். ஒளியளவு காட்டும் மானியைத் தேடினார், அகப்படவில்லை. ஆனால் நிலவின் ஒளிர்வு எவ்வளவு என்ற எண் அவர் நினைவில் இருந்தது. அந்த ஒற்றை எண்ணைக் கொண்டு மனக்கணக்குப் போட்டு ஒரு முறை படமெடுத்தார். இரண்டாம் முறை எடுக்க முனைந்தபோது சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. உலகம் போற்றும் அந்தப் படத்துக்கு ஒரே ஒரு மூலத்தகடுதான் உண்டு.

இவ்வளவு கவனமுள்ள அந்த மனிதர் ஒன்றை மட்டும் செய்யவில்லை. நாளைக் குறித்துவைக்கவில்லை. பின்னாளில் அவரே ஓரிடத்தில் ஓர் ஆண்டையும் வேறிடத்தில் வேறோர் ஆண்டையும் குறிப்பிட்டார். இறுதியில் படத்திலிருந்த நிலவே விடை சொல்லிற்று. வானியலார் டேவிட் எல்மோர், மலைகளுக்கு மேல் நிலவு நின்ற உயரத்தையும் திசையையும் கணித்து, 1941 அக்டோபர் 31 என்று முடிவுசெய்தார். பத்தாண்டுகளுக்குப் பின், 1991இல், டென்னிஸ் டி சிக்கோ என்பவர் கருவி நின்ற இடத்தைத் திருத்தமாகக் கண்டறிந்து மீண்டும் கணக்கிட்டார். நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்பது அவர் கண்ட விடை.

நவம்பர் 1 புனிதர் அனைவரின் பெருவிழா! கட்டுரையாளர் எவரும் அதைப் பெரிதாகப் பேசியதாக நான் காணவில்லை. அவ்வாண்டு மறுநாள் ஞாயிறாக அமைந்ததால், அன்றைய வழிபாட்டு விதிப்படி இறந்தோர் நினைவு நாள் 3ஆம் தேதிக்குத் தள்ளப்பட்டிருக்கும். ஆயினும் புனிதர் அனைவரின் விழா மாலையில் கல்லறைச் சிலுவைகளின் மேல் ஒளி விழுந்த கணத்தையே அக்கருவி பிடித்திருக்கிறது. ஆடம்ஸ் இதை எண்ணிச் செய்தாரல்லர். ஒரு நாள் முன்னதாகவென்று எல்மோர் கண்ட கணக்கு நிலைத்திருந்தால் இப்பொருத்தமே தோன்றியிராது. ஆகையால் இதில் நான் எதையும் ஏற்றிச் சொல்லப்போவதில்லை.

இந்த அயல்நாட்டுக் கதையை நான் துருவிப் படித்ததற்குக் காரணம், கீரிப்பாறையைச் சேர்ந்த ஒரு பெண்மணி என்னிடம் கொண்டுவந்த பழைய படம்.

ஐம்பதைக் கடந்தவர், ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, மணமாகி வேறோர் ஊரில் வாழ்பவர். கையகலக் கறுப்பு வெள்ளைப் படமொன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். பழைய குருசடி ஒன்றின் முன் இருபது முப்பது பேர் குருத்தோலை ஏந்தி நிற்கிறார்கள். எல்லோர் முகத்திலும் சாய்ந்த வெயில். வலப்பக்கம் ஓர் இளந்தாய், துணியில் பொதிந்த குழந்தையுடன். குழந்தையின் முகம் பாதிதான் தெரிகிறது. அந்தத் தாய் இவருடைய அம்மா. அம்மாவுக்கு இருக்கும் ஒரே படம் அதுதான்.

“சாமி, அம்மா கையில இருக்கது நானா, எங்க அண்ணனா? வீட்டுல ஆளுக்கொண்ணு சொல்லுகாவ.”

பதிவேடுகள் உறுதியாக இருந்தன. மூத்த ஆண்குழந்தை 1972 ஜூலையில் பிறந்து, 1973 ஆகஸ்டில் காய்ச்சலில் இறந்தது. இவர் 1973 நவம்பர் இறுதியில் பிறந்தார். தாய் 1975 ஜனவரியில் இறந்துவிட்டார். எனவே படம் 1973இன் குருத்து ஞாயிறாக இருந்தால் குழந்தை அண்ணன். 1974இனதாக இருந்தால் இவர். வேறு ஆண்டுக்கு இடமில்லை. தந்தையும் காலமாகிவிட்டார். சித்தி ‘நீதான்’ என்கிறார். பக்கத்து வீட்டு முதியவரோ ‘மூத்த பயல்தான்’ என்கிறார்.

அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது, ‘நீங்கள்தான் அம்மா’ என்று சொல்லிவிட எனக்கு ஆசை எழுந்தது. தாயின் மடியில் தான் இருந்ததற்கு ஒரு சான்று வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறொன்றும் கேட்கவில்லை. ஐம்பதாண்டுக்கு முந்தைய படத்தைப் பற்றி யார் என்னை மறுக்கப்போகிறார்கள்? ஆயினும் பார்த்துச் சொல்கிறேன் என்று படத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அன்றிரவு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கையில்தான் அந்தப் பொட்டைக் கவனித்தேன். மலைவிளிம்புக்குச் சற்று மேலே கடுகளவு வெள்ளை. முதலில் பூஞ்சணம் என்றே எண்ணினேன். ஆனால் உயர்த்திப் பிடித்த ஒரு குருத்தோலையின் நுனி அந்தப் பொட்டின் குறுக்கே கறுப்பாக ஏறியிருந்தது. தாளின் மேல் படர்ந்த பூஞ்சணம் ஓலைக்குப் பின்னே போகாது. அது நிலவு. அதன் கீழ்விளிம்பு சற்றே குறைந்திருந்தது.

இங்கே என் தொழிலுக்குரிய பழைய கல்வி உதவிக்கு வந்தது. உயிர்ப்புப் பெருவிழா நிலவைச் சார்ந்தது என்பதை வாசகர் அறிவர். மார்ச் 21இலோ அதற்குப் பின்னோ வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிறே பாஸ்கா. எல்லாத் திருச்சபைகளும் ஒரே ஞாயிறில் இவ்விழாவைக் கொண்டாட வேண்டும் என்று 325இல் நீசேயாச் சங்கம் வகுத்தது முதல், அந்த முழுநிலவை முன்கூட்டியே கணிப்பது திருச்சபையின் வேலைகளுள் ஒன்றாயிற்று. பத்தொன்பது ஆண்டுகளில் நிலவு 235 முறை வளர்ந்து தேய்ந்து, ஏறத்தாழ அதே தேதிகளுக்குத் திரும்புகிறது. ஆண்டெண்ணைப் பத்தொன்பதால் வகுத்து, மீதியுடன் ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது அவ்வாண்டின் பொன்னெண். பொன்னெண்ணிலிருந்து ஆண்டுத் தொடக்கத்தில் நிலவின் வயது. அதிலிருந்து பாஸ்கா முழுநிலவு. பழைய இலத்தீன் திருப்பலி நூலின் முதற்பக்கங்களில் இந்த அட்டவணைகள் உண்டு. 1582இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார் நாள்காட்டியைத் திருத்தியபோது, அலோசியுஸ் லிலியுஸ் என்னும் மருத்துவர் வகுத்த இம்முறையை உலகுக்கு விளக்கி நிலைநிறுத்தியவர் இயேசு சபைக் குரு கிறிஸ்டோபர் கிளாவியுஸ். நிலவின் தென்பகுதியில் இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் அகன்ற பெரும்பள்ளம் ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. 1651இல் ரிச்சியோலி என்னும் மற்றோர் இயேசு சபைக் குரு, தாம் வெளியிட்ட நிலவு வரைபடத்தில் இட்ட பெயர் அது. நிலவின் கணக்கைப் பார்த்தவருக்கு நிலவிலேயே இடம் கொடுத்தார்கள்!

எங்கள் குருமட நாள்களில் இக்கணக்கை யாரும் விரும்பிக் கற்றதில்லை. நாள்காட்டி அச்சாகி வரும்போது இது எதற்கு என்பதே எங்கள் முணுமுணுப்பு. நானும் அவ்வாறு முணுமுணுத்தவனே.

கணக்கு மறந்துவிட்டதா என்று சோதிக்க, நம் மண்ணின் மறைசாட்சி தேவசகாயம் இறந்த நாளை முதலில் எடுத்துக்கொண்டேன். 1752 ஜனவரி 14. அவ்வாண்டின் பொன்னெண் 5. ஆண்டுத் தொடக்கத்தில் நிலவின் வயது 14. எனவே புதுநிலவு ஜனவரி 16, 17ஐ ஒட்டி வருகிறது. ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் அவர் உயிர்நீத்த அந்த இரவு நிலவில்லாத இரவு. விடியற்காலையில் ஒரு தேய்ந்த கீற்று வந்திருக்கலாம். 2022 மே 15 அன்று அவர் புனிதராக உயர்த்தப்பட்ட வேளையில் நாம் எத்தனையோ ஓவியங்கள் வரைந்தோம். இனி அந்த இரவை வரைகிறவர்கள் நிலவைச் சேர்க்காதிருப்பார்களாக.

பிறகு படத்துக்கு வந்தேன். 1973இன் பொன்னெண் 17. பாஸ்கா முழுநிலவு ஏப்ரல் 17, செவ்வாய். குருத்து ஞாயிறு ஏப்ரல் 15. அதாவது முழுநிலவுக்கு இரண்டு நாள் முன். 1974இன் பொன்னெண் 18. முழுநிலவு ஏப்ரல் 7, அதுவே ஞாயிறு. முழுநிலவு ஞாயிறன்று விழுந்தால் பாஸ்கா அடுத்த ஞாயிறுக்குப் போகும் என்பது விதி. ஆகவே அவ்வாண்டில் பாஸ்கா ஏப்ரல் 14, முழுநிலவு நாளோ குருத்து ஞாயிறாகவே அமைந்தது. வானியல் கணக்கும் இதனோடு ஒத்துப்போகிறது. ஏப்ரல் 7 விடியுமுன்பே நிலவு நிறைந்துவிட்டது. அன்று மாலை கதிரவன் மறைந்த பின்னரே அது தொடுவானத்தை விட்டு எழும். அதன்மேல் கீரிப்பாறை மலையைத் தாண்ட வேறு நேரம் வேண்டும். முகங்களில் வெயில் இருக்கும்போது மலைக்கு மேல் நிலவு 1974இல் நிற்க வழியில்லை.

உதவிப் பங்குத்தந்தை ஒரு தடை எழுப்பினார். “ஃபாதர், முழுநிலவு நாளில் காலையில் மேற்கே நிலவு மறையும், கிழக்கே ஞாயிறு எழும். படம் காலையில் எடுத்ததாயின்?” நல்ல கேள்வி. 1974 ஏப்ரல் 7 காலையில், வெயில் முகத்தில் பட, மேற்கு மலைக்கு மேல் நிலவு தாழ்ந்து நின்றிருக்கக்கூடும். அப்படியானால் குழந்தை அந்த அம்மாதான். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி உண்டாயிற்று என்பதை மறைக்க விரும்பவில்லை.

இதைத் தீர்க்க, படத்தில் உள்ளது கிழக்கு மலையா மேற்கு மலையா என்று பார்க்க வேண்டும். அடுத்த முழுநிலவுக்கு இரண்டு நாள் முன் கீரிப்பாறை சென்றேன். பழைய குருசடி இருந்த இடத்தில் இப்போது சிற்றாலயம் நிற்கிறது, மரங்கள் மாறிவிட்டன, மலையின் கோடு மட்டும் மாறவில்லை. படத்திலே இரு முகடுகளுக்கிடையில் ஒரு தாழ்வு, அதன் இடப்புறம் மொட்டையான பாறைத்தோள். அப்படியே கண்முன் நின்றது, கிழக்கில். மேற்கில் அத்தகைய தோள் எதுவுமில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆலயச் சுவரில் வெயில் இருக்க, தாழ்வுக்கு மேலே வெளிறிய நிலவு நின்றது. கீழ்விளிம்பு சற்றே குறைவாக. வளர்பிறை கிழக்கே எழும்போது கதிரவனை நோக்கிய மேற்புறம் நிறைந்தும், தரையை நோக்கிய கீழ்ப்புறம் குறைந்தும் இருக்கும். என் கைப்பேசியில் படமெடுத்துப் பார்த்தேன். அதிலும் கடுகளவே வந்தது. கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றும் நிலவு வானில் அரைப்பாகை அகலம்தான். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பெட்டிக் கருவியோடு வந்த அந்தப் பெயர் தெரியாத நிழற்படக்காரர் நிலவை எண்ணியே இருக்கமாட்டார். மற்றக் கோவில்களில் வழிபாட்டை முடித்துக்கொண்டு அன்றைய குரு மாலையில்தான் மலைக்கு வந்திருப்பார். வெயில் போகுமுன் எல்லோரையும் மேற்குப் பார்க்க நிறுத்தியிருப்பார்கள். பின்னால் நிலவு தானாக வந்து நின்றது.

மறுவாரம் அந்த அம்மா வந்தார். கண்டதை முறையாகச் சொன்னேன். பொட்டைக் காட்டினேன், ஓலைநுனியைக் காட்டினேன், 1973, 1974 ஆகிய இரு ஆண்டுகளின் நாள்களைத் தாளில் எழுதிக் காட்டினேன். படம் 1973 ஏப்ரல் 15 மாலை எடுத்தது, குழந்தை உங்கள் அண்ணன் என்றேன். சொல்லி முடித்தபோது, இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று எனக்குத் தோன்றியது.

அவர் வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கும் வேறு படம் கிடையாது என்று மெல்லச் சொன்னார். பிறகு தாளை என் கையிலிருந்து வாங்கி, ஏப்ரல் 15 என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, நவம்பர்வரை மாதங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். இரண்டாம் முறையும் எண்ணினார்.

“அப்பம் நானும் இந்தப் படத்துல உண்டு, இல்லியா சாமி?”

ஆம் என்றேன். படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.